கூப்பிடும் விரல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெரியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருடைய விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறோம். ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். தம் கையின் சிறு அசைவுக்குப் பல டன் எடை எழுந்து இறங்குவதைக் கண்டு பழகியவர். மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதம் அவருடைய பேச்சையும் கால்களையும் வலக்கையையும் இடக்கையின் பெரும்பகுதியையும் முடக்கிவிட்டது. அறிவு மட்டும் முழுமையாக இருந்தது. நாம் பேசுவது யாவும் அவருக்குப் புரிந்தது. இடக்கைச் சுட்டுவிரலை, மிக முயன்றால், ஒரு நெல்மணியின் நீளத்துக்கு வளைக்க முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தாரிடம் வழக்கமாகச் சொல்வன அனைத்தையும் சொன்னோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, தலைப்பக்கத்தை உயர்த்தி உணவு கொடுப்பது, எச்சில் புரையேறினால் உடனே செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவருடைய மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரியில எனக்குக் கண்ணு அசந்துட்டா, அவரு என்னை எப்படிக் கூப்புடுவாரு?"

எங்களிடம் விடை இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் அழைப்புமணிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தக்கூட அவருடைய விரலில் வலு இல்லாததால், இங்கே இருந்த வரையில் செவிலியர்கள் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அதற்கு யார் இருக்கிறார்கள்? எழுபது வயதை நெருங்கும் அந்த அம்மையார் மூன்று வாரங்கள் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே உறங்கியிருக்கிறார். மறுபரிசோதனைக்கு வந்தபோது நோயாளியைக் காட்டிலும் அவரைப் பார்த்துத்தான் நாங்கள் அதிகம் கவலை கொண்டோம்.

விடை பேத்தியிடமிருந்து வந்தது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் மாணவி. கல்லூரிச் செயல்திட்டத்துக்காகத் தோழிகளுடன் சேர்ந்து அவள் ஒரு கையுறை செய்திருந்தாள். அதை அணிந்து விரலை மடக்கினால் பொம்மைக் கார் ஓடும், நிமிர்த்தினால் நின்றுவிடும். "நான் விரலை மடக்கினா கார் ஓடுது. தாத்தா விரலை மடக்கினா மணி அடிக்காதா மேடம்?" என்று எங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டாள்.

அந்தக் கையுறையின் உயிர் ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறது. கடையில் அதை ஃபிளெக்ஸ் சென்சார் என்று கேட்க வேண்டும். தமிழில் வளைவு உணரி எனலாம். நெகிழ்வான பிளாஸ்டிக் பட்டையின்மேல் கரித்துகள் கலந்த, மின்சாரம் கடத்தும் மை பூசப்பட்டிருக்கும். பட்டை வளையும்போது மைப்பூச்சு இழுபட்டுத் துகள்களுக்கு இடையிலான தொடர்பு தளர்கிறது, மின்தடை உயர்கிறது. நேராக இருக்கையில் பத்தாயிரம் ஓம் அளவில் உள்ள மின்தடை, நன்றாக வளைத்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். அந்த மாற்றத்தைப் படிப்பது நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு கணினிச் சில்லு. மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகை 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் எளிதாகக் கையாள வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது. உணரியோடு சாதாரண மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால், இரண்டும் சேரும் இடத்திலுள்ள மின்னழுத்தத்தை இந்தப் பலகை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகப் படிக்கும். விரல் நேராக இருந்தால் 500-ஐ ஒட்டிய எண். முழுமையாக மடங்கினால் 600-க்கு மேல். அந்த எண்ணைக் கொண்டு மணி அடிப்பதா, விளக்கு ஏற்றுவதா, கார் ஓட்டுவதா என்பதை நாம் எழுதும் நிரல் முடிவு செய்கிறது.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையுறை பெரியவரின் கையில் ஏறவே இல்லை. பக்கவாதத்துக்குப் பின் பலருடைய விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிடுகின்றன. ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து உறைக்குள் நுழைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் முகத்தில் வலி தெரிந்தது. நாங்களே நிறுத்தச் சொன்னோம். இறுகிய விரல்களை வேகமாக இழுத்து நிமிர்த்தினால் தசை மேலும் இறுகும். கையுறை விளம்பரங்களில் புன்னகைக்கும் கைகள் யாவும் நோயற்ற கைகள் என்பதை அன்றுதான் அந்தப் பெண் கவனித்தாள். மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துக் கையுறையை வெட்டி எறிந்தாள். சுட்டுவிரலின் முதுகில் மட்டும் படியும்படி ஒரு துணிப்பட்டை, அதற்குள் உணரி, இரண்டு இடங்களில் வெல்க்ரோ. மாட்ட அரை நிமிடம் போதும்.

அடுத்த சிக்கல் எண்ணில் இருந்தது. பொம்மைக் காருக்காக எழுதிய நிரலில், எண் 600-ஐத் தாண்டினால்தான் விரல் மடங்கியதாகக் கணக்கு. பெரியவர் மூச்சைப் பிடித்து முயன்றபோது எண் 512-லிருந்து 540-க்குச் சென்றது. நிரலுக்கு அது அசைவே இல்லை. எங்கள் சிகிச்சையாளர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் மடக்குங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான், "தாத்தா மாற வேண்டாம், நிரல்ல நம்பரை மாத்திக்கலாம்" என்றாள். எங்களில் பலருக்கு அது உறைத்தது. ஒவ்வொரு மாலையும் பட்டையை மாட்டியவுடன் ஐந்து நொடி விரலைத் தளர்வாக வைத்திருக்கச் சொல்லி, அப்போது வரும் எண்ணை அன்றைய தொடக்கப்புள்ளியாகப் பதிவு செய்து, அதற்கு மேல் 15 கூடினாலே அசைவு என்று நிரலைத் திருத்தினாள். இவ்வளவு நுணுக்கமாக வைத்தால் உணரியின் சாதாரண நடுக்கமும் அசைவாகத் தோன்றும். எனவே பத்து அளவீடுகளின் சராசரியை மட்டுமே கணக்கில் எடுத்தாள். உறக்கத்தில் தசை தானாக வெட்டி இழுக்கும்போது மணி அடிக்கக் கூடாது என்பதற்காக, இருமுறை மடக்கினால்தான் அழைப்பு என்று வைத்தாள்.

முதல் இரவு மணி அடித்தது. ஆயா எழவில்லை. அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். முன்னும் பின்னுமாக நகரும். மாணவர் பெட்டியில் கிடைக்கும் அந்தச் சிறு பஸ்ஸரின் ஒலியும், லாரி பின்னோக்கி வரும்போது எழுப்பும் ஒலியும் ஒன்றுபோலவே இருந்தன. ஆண்டுக்கணக்கில் அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டு அதோடு உறங்கப் பழகியவர் அவர். பஸ்ஸரைக் கழற்றிவிட்டு வாசல் அழைப்புமணி ஒன்றைப் பொருத்திய பிறகுதான் சாதனம் வேலை செய்தது என்று சொல்ல முடிந்தது. ஆய்வகத்தில் இருந்துகொண்டு எந்தப் பொறியாளருக்கும் இது தோன்றியிராது.

இன்னொரு திருத்தத்தை நாங்கள் வற்புறுத்தினோம். இத்தகைய சாதனத்தை வீட்டில் செய்ய நினைப்போர் இதை மறக்கக் கூடாது. அழைப்புமணி அமைதியாக இருந்தால், நோயாளி அமைதியாக உறங்குகிறார் என்று குடும்பம் நம்பிவிடும். கம்பி அறுந்து போயிருந்தாலும் அதே அமைதிதான். உணரிக்குச் செல்லும் கம்பி, விரல் மூட்டு மடங்கும் இடத்தில் சில வாரங்களில் அறுவது வழக்கம். நல்ல வேளையாக, உணரி அறுந்தால் பலகை படிக்கும் எண் 1023 என்னும் உச்சத்துக்குத் தாவும்படி சுற்றை அமைக்கலாம். எண் 1000-ஐத் தாண்டினால் மணி விடாமல் ஒலிக்கட்டும் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால், பழுதே தன்னை அறிவித்துக்கொள்ளும். மின்தடை நேரத்துக்கு பவர் பேங்க். அது உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. ஆயா படுக்குமுன் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். இவ்வளவும் செய்த பின்னும், இது மருத்துவத் தரச் சான்று பெற்ற எச்சரிக்கைக் கருவி அன்று என்பதைக் குடும்பத்தாரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மூச்சுக்குழாயில் துளையிட்டவர்கள், உயிர்காப்புக் கருவியில் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதை நம்பி உறங்கச் செல்ல வேண்டாம்.

வடசென்னைக்கும் கைக்கும் உள்ள உறவு இந்த ஒரு வீட்டோடு முடிவதில்லை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் தகடு வெட்டும் பிரஸ், காசிமேட்டில் விசைப்படகின் வின்ச், துறைமுகத்தில் இரும்புக் கயிறு என்று எங்கு திரும்பினாலும் விரல்களுக்குப் பகை காத்திருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பெற்றோர் அழைத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் என்றே ஒரு நிறுவனம் வளர்ந்தது தற்செயலன்று. அதை வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி. நுனி சாய்வாகத் துண்டிக்கப்பட்ட விரலை, அதே விரலின் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் கை அறுவைச் சிகிச்சையாளர்கள் அம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். 2018 பிப்ரவரியில் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற கைகளை அங்கே பொருத்தினார்கள். ஆனால் கை அறுவைச் சிகிச்சையில் அனுபவம் உள்ள எவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: அறுவை அரங்கில் செலவாகும் மணிகள் சில, அதன் பிறகு விரலை மீட்கும் வேலை மாதக்கணக்கில் வீட்டில் நடக்க வேண்டியது.

அந்த வீட்டு வேலை எவ்வளவு சலிப்பூட்டுவது என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஒரே விரல், ஒரே அசைவு, ஒவ்வொரு வேளையும் பத்துப் பத்து முறை. நேற்றைக்கும் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இராது. ஒரு விரலின் மூன்று மூட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 260 பாகை வளைய வேண்டும். தசைநாண் தைத்த விரல் ஒரு வாரத்தில் ஐந்து பாகை முன்னேறினாலும் எங்களுக்கு மகிழ்ச்சி, ஆனால் அதை நோயாளியின் கண் காண்பதில்லை. "ஒண்ணும் போகல சார்" என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய விரல் விறைத்துவிடுகிறது. மைப்பூச்சுப் பட்டை பயன்படும் இரண்டாவது இடம் இதுவே. கைப்பேசித் திரையில் எண் 531-லிருந்து 534 ஆவதைக் காண்பது ஒரு மனிதரை மறுநாளும் பயிற்சிக்கு உட்கார வைக்கிறது.

இந்த எண் பாகைக் கணக்கு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டை சற்று நகர்ந்து மாட்டப்பட்டாலும், வியர்வையில் நனைந்தாலும், பழையதாகித் தளர்ந்தாலும் எண் மாறும். மறுபரிசோதனையில் நாங்கள் கோணமானியை வைத்து அளப்பதே அளவு. எண் குறைந்துவிட்டதே என்று நள்ளிரவில் அழுதுகொண்டு தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு; பட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

திருவொற்றியூரிலிருந்து வந்த ஓர் இளைஞரின் கதை வேறு வகையானது. தகடு அறுத்ததில் மோதிரவிரலை மடக்கும் தசைநாண் துண்டாகி, தைக்கப்பட்டது. தைத்த தசைநாண் முழுச் சுமையைத் தாங்க ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். அதற்கு முன் எப்போது, எவ்வளவு, யார் உதவியோடு அசைப்பது என்பதை மருத்துவர் படிப்படியாகச் சொல்வார். அவருக்கும் சொன்னோம், ஒழுங்காகவே நடந்துகொண்டார். எட்டாவது வாரத்தில், கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தொடும் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தோம். அவருடைய தம்பி வளைவு உணரி வாங்கப் பணமில்லாமல், ஒவ்வொரு விரல் நுனியிலும் செப்புத்தாள் ஒட்டினார். கட்டைவிரலின் செப்பு வேறொரு விரலின் செப்பைத் தொட்டால் சுற்று மூடும். ஒரு விளக்கு எரிந்து ஓர் இசைச்சுரம் ஒலிக்கும். இருப்பதிலேயே மலிவான, இருப்பதிலேயே உறுதியான உணரி இதுதான் என்று சொல்வோம். விலையுயர்ந்ததைக் கண்டு மயங்குவோர் இதை நினைவில் கொள்க.

ஆனால் அது ஒரு விளையாட்டாக மாறிவிட்டது. சுரங்களைச் சேர்த்துப் பாட்டு வாசிக்கப் பழகிய அந்த இளைஞர், வேளைக்குப் பத்து முறை என்று நாங்கள் சொன்னதை நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தார். அடுத்த வாரம் விரல் வீங்கி, பளபளத்து, முன்னைவிடக் குறைவாக வளைந்தது. தைத்த இடம் அறுந்திருக்குமோ என்று நாங்கள் நடுங்கினோம். அறுந்திருக்கவில்லை, வீக்கம் வடியப் பத்து நாள் ஆயிற்று. தப்பு எங்களுடையதும்தான். பயிற்சியின் குறைந்த அளவைச் சொன்ன நாங்கள் அதன் மேல் எல்லையைச் சொல்லவில்லை. தம்பி நிரலில் ஒரு பூட்டுப் போட்டார்: பத்துத் தொடுகைக்குப் பின் விளக்குகள் அணைந்துவிடும், மூன்று மணி நேரம் கழித்தே உயிர்பெறும். அண்ணன் அதை உடைக்க வழி தேடினார் என்பது வேறு கதை.

விரலசைவைக் கணினிக்கு உணர்த்தும் கையுறைகளுக்கு ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1977-இல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சேயர் கையுறையில், விரல்களின் நெடுகிலும் நெகிழ்வான குழாய்கள் ஓடின. ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியுணரி. விரல் மடங்கினால் வந்துசேரும் ஒளி குறையும். 1989-இல் மேட்டல் நிறுவனம் குழந்தைகளின் வீடியோ விளையாட்டுக்காக பவர் குளோவ் என்னும் கையுறையை விற்றது. அதில் ஒளிக்குழாய்க்கு மாற்றாக மைப்பூச்சுப் பட்டைகளை வைத்தார்கள். விளையாட்டுப் பொருளாக அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதிலிருந்த பட்டையின் வழிவந்ததுதான் ராயபுரத்துப் பெரியவரின் விரலில் இன்று படிந்திருக்கிறது.

கையுறை உணரியைப் பற்றி நம் மண்ணோடு தொடர்புடைய பழைய பாடம் ஒன்றும் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்த முடியும் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செய்துகாட்டிய பால் பிராண்டு, கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி உணராததால் காயப்பட்டுக் காயப்பட்டு அழிகின்றன என்று கண்டவர் அவர். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, வலிக்கு ஒரு செயற்கை மாற்று செய்ய முனைந்தார். அழுத்த உணரிகள் தைத்த கையுறை. ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் காதில் ஓர் ஒலி. நோயாளிகள் அந்த ஒலியைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்கு மாற்றாகச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தால், நோயாளிகள் முதலில் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் பிராண்டு அம்முயற்சியைக் கைவிட்டார். அதைத் தம் நூலிலும் ஒளிவுமறைவின்றி எழுதினார். எங்கள் திருவொற்றியூர் இளைஞர் பூட்டை உடைக்க முயன்றபோது எங்களுக்கு அவர் நினைவுதான் வந்தது.

அதே வேலூரில் இன்றும் அந்த வேலை தொடர்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்னும் கைப்பயிற்சி எந்திரத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2021-இல் வெளிவந்தது. ஒரே ஒரு மோட்டார்; மணிக்கட்டுக்கு ஒரு பிடி, உள்ளங்கையைத் திறந்து மூட ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். உள்ளங்கை அசைவு திரையில் ஒரு விளையாட்டை நடத்தும். அது மருத்துவர் மேற்பார்வையில் கையாள வேண்டிய கருவி. மாணவர்கள் வீட்டில் செய்யும் பட்டையோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் இரண்டின் அடிப்படை எண்ணமும் ஒன்றே.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் குடும்பங்கள் எங்களிடம் கேட்பவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை சொல்லிவிடுகிறோம். பொருள்கள் ரிச்சி தெருவில் கிடைக்கும். திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வருவோர் மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே செல்லலாம். வளைவு உணரியின் விலை சில வேளை பலகையின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும், திகைக்க வேண்டாம். மின்னணுப் பொருள்களைப் பொதிய உதவும் வெலோஸ்டாட் என்னும் கறுப்புத் தாளை இரண்டு செப்புத்தாள்களுக்கு நடுவே வைத்துத் தைத்தால், அழுத்தத்தையும் ஓரளவு வளைவையும் உணரும் பட்டை வீட்டிலேயே தயார். எம்.பி.யு. 6050 போன்ற அசைவுச் சில்லு, கை முழுவதும் திரும்புவதை நன்றாக அறியும். ஒரு விரல் மெல்ல மடங்குவதை அறிய அது அவ்வளவு ஏற்றதன்று. காந்த மோதிரமும் அதை உணரும் ஹால் சென்சாரும் நுட்பமானவைதாம். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் காந்தம் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ நரம்புக் காயத்தாலோ உணர்வு குன்றிய விரலில் எந்தப் பட்டையைக் கட்டினாலும், அரை மணிக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்தப் பட்டை அந்த விரலுக்கு ஆகாது. பற்றவைத்த கம்பியின் கூர்முனை தோலைத் தொடாதபடி துணி வைத்து மூடுங்கள். சுவர் மின்னிணைப்பிலிருந்து நேரடியாக எதையும் நோயாளியின் உடலுக்குக் கொண்டுவராதீர்கள். பவர் பேங்க் மட்டும், அதுவும் சார்ஜ் ஆகாத நேரத்தில். தையல் பிரிக்காத கையில் எதையும் மாட்டாதீர்கள். எந்த விரல், எந்த அசைவு, எத்தனை முறை என்பதைச் சாதனம் செய்வதற்கு முன்பே எங்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கைப்பயிற்சிப் பிரிவுக்குச் சாதனத்தோடு வந்தால் நாங்களும் பார்க்கிறோம். சில நேரம் நாங்கள்தான் கற்றுக்கொள்கிறோம்.

பெரியவரின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். விரல் இப்போது கூடுதலாக வளைகிறது. தொடக்க எண்ணுக்கு மேல் 28 கூடியது போய், 60 வரை கூடுகிறது. பேத்தி இரண்டாவது பட்டை ஒன்றைக் கட்டைவிரலுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டும் திரையில், விரும்பிய எழுத்து வரும்போது விரலை மடக்கிச் சொற்களைச் சேர்க்க வைப்பது அவளுடைய அடுத்த திட்டம். இரவு நன்றாக உறங்குகிறீர்களா என்று ஆயாவிடம் கேட்டோம்.

"எங்கம்மா தூங்குறது? முன்னாடி கூப்புட முடியாம இருந்தாரு. இப்ப ராத்திரிக்கு நாலு தடவ மணி அடிக்குறாரு. ஃபேனைக் குறை, ஃபேனை வை, தலகாணியைத் திருப்பு. போன வாரம் ஒருநாள் எதுக்குன்னே தெரியல, சும்மா அடிச்சாரு. போயி பக்கத்துல உக்காந்தேன். அவ்வளவுதான், தூங்கிட்டாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி அடித்தது. அவர் எழுந்து போனார்.